தலைக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று

தலையணை ரெண்டு வேண்டும் என்று பூபதி போனில் சொன்னபோது வேலுத்தாய்க்கு ஒன்றும் உறைக்கவில்லை. பூபதி அவள் நாத்தனார் சீனியம்மாவின் மகன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து பிளேட்டு வைத்திருக்கிறது, திருப்பூரில் தன் வீடு ரெண்டாவது மாடி, படியேற்ற முடியாது, ஒரு ஆறு வாரத்துக்கு மட்டும் அத்தை, உங்க வீடுதான் தரையோட தரையா இருக்கு என்று இழுத்தான். கூட்டிட்டு வாப்பா என்று இவள் வாய் சொல்லிவிட்டது. மனசை ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லிவிட்டது. அப்புறம்தான் அவன் தலைக்கு ஒன்று, ரெண்டு முட்டிக்கும் நடுவில் வைக்க ஒன்று, கால் மேல் கால் போய்விடக் கூடாதாம் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான்; இவளும் சரி சரி என்று போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழம்பைக் கிண்டும்போதுதான், வீட்டில் இருப்பதே ரெண்டு தலையணை, அதில் ஒன்று பரணில் அல்லவா கிடக்கிறது என்று சுரீர் என்றது. அது நேற்று. இன்றைக்குக் காலை பத்து மணிக்கு ரெண்டையும் ரெண்டு கக்கத்தில் இடுக்கி, மகள் கௌசல்யா ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பிய மெத்தைப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க மொட்டைமாடியில் வந்து நிற்கிறாள். ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் வெயில் காட்டி எடுத்துவிட வேண்டும். அதற்குள் இன்னொன்றையும் முடிவு பண்ண வேண்டும். ஏழு வருஷமாக நெஞ்சில் கிடக்கிற அந்தப் பேச்சைச் சீனியம்மாவிடம் எடுப்பதா, அப்படியே விழுங்கிவிடுவதா என்று.

போடியில் ஆனி மாத வெயிலை நம்பி ஒரு வற்றலைக்கூடக் காயப்போட முடியாது. இந்தா அடிக்கிறேன் என்று அடிக்கும்; திரும்பிப் பார்ப்பதற்குள் மேற்கே மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, நான் இல்லையப்பா என்பதுபோலப் போய்விடும். வேலுத்தாய் பழைய சேலையை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, முதலில் மெத்தைப் போர்வையை உதறிப் போட்டாள். வெள்ளை வெளேர் என்று, கனமே இல்லாமல், உள்ளே கட்டம் கட்டமாகத் தைத்து. இந்த ஊர்க் காற்றுக்கு நல்லதும்மா, தண்ணியில ஊற வைக்காதே, முறுக்கிப் பிழியாதே, மிஷின்ல போட்டா ரெண்டு டென்னிஸ் பந்தையும் சேர்த்துப் போடு, உள்ள இருக்கிறது கட்டி தட்டாது என்று கௌசல்யா பாடமெடுத்தாள். ஆமாடி, இனிமேல்தான் நான் பந்து வாங்கி விளையாடணும் என்று இவள் சொல்லி ரெண்டு பேரும் சிரித்தார்கள். அந்த நாசமாய்ப்போன சிரிப்புக்கு நடுவில் கௌசல்யா, அப்பா இருந்திருந்தா இதைக் கையால தொடமாட்டாரு இல்லம்மா என்றாள். தொடமாட்டார்தான். நாற்பது வருஷம் இலவம்பஞ்சுக் குடோனில் கிடந்த மனுஷன். கடைத் தலையணையை விரலால் அமுக்கிப் பார்த்து, அது பொசுக்கென்று எழுந்துகொள்வதைப் பார்த்து, இதுக்கு யாரு தலைன்னு ஞாபகமே இருக்காது வேலு என்பார். வேலுத்தாய் இப்போது தலை வைப்பது அந்த மாதிரி ஒன்றில்தான். இதுவும் கௌசல்யா வாங்கிக்கொடுத்ததுதான். ஏழு வருஷமாக அதில் தலை சாய்த்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. அதை யாரிடமும் அவள் சொல்லிக்கொண்டதில்லை, ஏதோ திருடித் தின்பவள்போல.

தன்னுடையதைப் பக்கத்தில் போட்டுவிட்டு, மற்றதை அது சுற்றியிருந்த சாக்கிலிருந்து எடுக்கும்போதே கை கொஞ்சம் தயங்கியது. கோடு போட்ட கெட்டித் துணி, நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. ஒரு மூலையில் இரட்டை நூல் தையல், அது அவள் புருஷன் சுருளிவேல் கைத் தையல். கல்யாணமான வருஷம் குடோனிலிருந்து பஞ்சைக் கொண்டுவந்து, கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரெண்டு பேரும் உட்கார்ந்து கொட்டை பொறுக்கினார்கள். ஒரு கொட்டை கிடந்தாலும் போச்சு, எண்ணெய் விட்டுப் பூச்சி பிடிச்சிரும் என்று அவர் பொறுக்கியதையே திரும்பத் திரும்பப் பொறுக்கினார். முடிக்கும்போது ரெண்டு பேர் தலையும் நரைத்துக் கிடந்தது. நமக்கு வயசாயிருச்சு வேலு, ஒரே நாள்ல என்று சிரித்தார். சேர்ந்து வயசாகவில்லை. இவள் தலை முழுக்க நரைத்தது அவர் போனபிறகுதான். இலவம்பஞ்சில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் கட்டிதான். வெயிலில் போட்டால் தட்டக் கூடாது, சூட்டில் பஞ்சு நொறுங்கித் தூளாகிவிடும். ஒரு பக்கம் ஒரு மணி நேரம், புரட்டி மறுபக்கம் ஒரு மணி நேரம். எடுத்ததும் தலைக்கு வைக்கக் கூடாது, நிழலில் போட்டுச் சூடு ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டை இடிக்கும். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சீனியம்மாவிடமும் சொல்வார், அக்கா சூடு ஆறட்டும்க்கா, என்னக்கா அவசரம் என்று. இந்தத் தலையணையை வருஷா வருஷம் பரணிலிருந்து இறக்கி வெயில் காட்டித் திரும்பப் பரணிலேயே வைக்கிறாளே, யாருக்காக? அதைக் கௌசல்யா ஒருதரம் கேட்டாள். பூச்சி பிடிச்சிரும்ல என்று சொல்லி வைத்தாள்.

மலைப்பக்கம் பார்த்தாள். ஒரு மேகம் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது, வரலாமா வேண்டாமா என்று. வராதே, கொஞ்ச நேரம் பொறு. ஏழு வருஷத்துக்கு முந்தி அன்றைக்கும் இப்படித்தான் மேகமூட்டமாக இருந்தது, மத்தியானம் மூணு மணி இருக்கும். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் அடைந்து அடைந்து, ஒரு மூச்சு எடுக்க மனுஷன் ஒரு மூட்டை தூக்குகிற பாடு பட்டார். கட்டிலைச் சுற்றி ஜனம். சீனியம்மாதான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று இவள் பக்கம் திரும்பினாள். பஞ்சு உயிரைப் பிடிச்சு வச்சிருக்கு வேலு, இலவம்பஞ்சுல தலை இருந்தா சீவன் எப்படிப் போகும், எடுத்துரு தாயி, எந் தம்பி படுற பாட்டைப் பார்க்க முடியல என்றாள். அந்தத் தெருவில் அது புதுசில்லை. இழுத்துக்கொண்டு கிடப்பவர்களைப் பஞ்சிலிருந்து இறக்கிப் பாயில் போடுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வேலுத்தாய் இடது கையை அவர் பிடரிக்குக் கீழே விட்டாள். முடியெல்லாம் வேர்வையில் நனைந்து சில்லென்று இருந்தது. தலையைத் தூக்கினாள். வலது கையால் தலையணையை உருவினாள். ஒரு தலை அவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் சந்தையில் முற்றின தேங்காயைக் கையில் வாங்கும்போது சட்டென்று கீழே வைத்துவிடுகிறாள். கடைக்காரர், என்னம்மா அழுகலா என்கிறார்.

மூணு நாள் இருந்தார். தலையணையை எடுத்தபிறகு மூணு நாள். பஞ்சு பிடித்து வைத்திருந்தால் அன்றைக்கே அல்லவா போயிருக்க வேண்டும்? மூணு நாளும் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டே இருந்தார், எதையோ தேடுகிற மாதிரி. ரெண்டாவது நாள் காலையில் இவள் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, தலைக்கு என்றார். அவ்வளவுதான், தலைக்கு. இவள் கையை வைத்துத் தாங்கினாள். கை மரத்துப் போனபோது எடுத்தாள். தலையணை அடுத்த அறையில் மூட்டைமேல் கிடந்தது. எழுந்து போய் எடுத்துவர எத்தனை எட்டு, பத்து எட்டு இருக்குமா? அறை வாசலில் சீனியம்மாவும் சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரையும் தாண்டித்தான் போக வேண்டும். போகவில்லை. அவர் போனதும், படுத்திருந்த பாய், தலைமாட்டுத் துண்டு, போர்த்திய போர்வை எல்லாம் கூடவே சுடுகாட்டுக்குப் போனது. தலையணை மட்டும் போகவில்லை. சாகும்போது தலைக்கு இல்லாததால் அது சாவுச் சாமானில் சேரவில்லை, தப்பித்துக்கொண்டது. அதற்காக அழுவதா சிரிப்பதா? காரியமெல்லாம் முடிந்து வீடு கூட்டும்போது மூட்டைமேல் அது சாவகாசமாக, நடுவில் அவர் தலை வைத்த பள்ளம் கலையாமல் கிடந்ததைப் பார்த்தாள். அன்றைக்கு முடிவு பண்ணினாள், இதைச் சொன்னவள் சீனியம்மா. சொன்னது அவள் வாய். எடுத்தது என் கை, ஆனால் சொன்னது அவள் வாய். ஏழு வருஷமாக நல்லது கெட்டதில் பார்த்தால் வாங்க மதினி, சாப்பிட்டீங்களா மதினி, அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. சீனியம்மாவும் அதற்குமேல் கேட்டதில்லை.

தலையணையைப் புரட்டிப் போட்டாள். உள்ளங்கையில் சூடு ஏறியது. சரி, இப்போது கணக்கு என்ன, தலைக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று. அவருடையதைக் கொண்டுபோய் அவள் காலிடுக்கில் வைக்க முடியுமா? நினைக்கவே கை கூசுகிறது. அப்போது முட்டிக்கு என்னுடையது, தலைக்கு அவருடையது. அந்தத் தலைக்கு இந்தத் தலையணையா? கடைத்தெருவுக்கு நடந்தால் அஞ்சு நிமிஷம், புதுசு ஒன்று வாங்கிவிடலாம், நேற்று சாயங்காலமே வாங்கியிருக்கலாம், காலையில் பால் வாங்கப் போனபோது தலையணைக் கடையைத் தாண்டித்தான் போனாள். வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை வேலுத்தாய்? அவள் பார்க்கட்டும் என்றுதானே. தலையை வைக்கும்போது, இது எது தெரியுதா மதினி என்று ஒரு வார்த்தை கேட்கத்தானே. ஆறு வாரம் அசையாமல் படுத்துக் கிடக்கப்போகிறவள், எழுந்து ஓட முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். சீ, என்ன புத்தி இது. அந்தப் புத்தியோடு அவளுக்குப் பிடிக்குமே என்று அகத்திக்கீரையும் ஆய்ந்து வைத்திருக்கிறாள். கட்டிலைக் காற்று வராத மூலைக்கு நகர்த்தியிருக்கிறாள். ஒரே கைதான் எல்லாவற்றையும் செய்கிறது.

தலையணையை உருவின அந்தக் கை என்று வந்தால் மனசு எப்போதும் நொண்டும். ஆஸ்பத்திரி நினைப்பு வந்தால் வேறெங்காவது ஓடிவிடும். இன்றைக்கு ஓட இடமில்லை, மாடி அவ்வளவுதான். அவரை வீட்டுக்கு அனுப்பின அன்றைக்கு இருந்த நர்சுப் பெண் மெலிசாக, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். சீட்டை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, அம்மா ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க, தலையை உசத்தியே வைங்க, மட்டமாப் படுக்க வச்சா மூச்சு முட்டும், பாவம் ரொம்பக் கஷ்டப்படுவாரு என்றாள். இவளிடம்தான் சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லை. பூபதி வண்டி பிடிக்கப் போயிருந்தான், சீனியம்மா ஊரிலேயே இருந்தாள். சீனியம்மாவுக்கு அது தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள். தெரிந்து எடுத்தது யார்? பதினோரு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. விசிறி விசிறித் தோள்பட்டை வீங்கியிருந்தது. எடுத்துரு தாயி என்று சீனியம்மா சொன்னபோது நர்சு சொன்னது ஞாபகம் வந்ததா இல்லையா? வந்தது. பொய் சொல்லாதே, வந்தது. வந்தும் கை போனது. முடியட்டும் என்று இருந்தது. அவர் பாடு முடியட்டும் என்றா, என் பாடு முடியட்டும் என்றா, அது இன்றைக்கு வரைக்கும் அவளுக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கத் தெரிந்தவளுக்கு இதைப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால்தான் ஏழு வருஷமாகச் சொன்னது அவள் வாய், சொன்னது அவள் வாய் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கேட்க ஒன்றும் இல்லை. அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? சொல்லத்தான் இருக்கிறது. சொன்னால் அந்தக் கிழவி என்ன செய்வாள், என் தம்பியைக் கொன்னுட்டியேடி என்று ஆறு வாரமும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாளா, பூபதியைக் கூப்பிட்டு இப்பவே கூட்டிட்டுப் போடா என்பாளா. சொல்லாவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது. அந்த நர்சுக்குக்கூட மறந்துபோயிருக்கும்.

மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மலையையே காணோம். அய்யோ என்று பாய்ந்தாள். கிட்டத்தில் கிடந்தது அவளுடைய தலையணை. அதைத் தாண்டிப்போய் அவருடையதை அள்ளி நெஞ்சோடு சேர்த்து, முதுகைக் கவிழ்த்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, செங்கல்லைக் காலால் எத்திவிட்டு மெத்தைப் போர்வையை ஒரு கையால் சுருட்டி இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். முதுகெல்லாம் நனைந்தது. நெஞ்சில் மட்டும் நெருப்புக் கட்டியை வைத்த மாதிரிச் சூடு. கீழே வந்து துடைத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக்கூட அதில் படவில்லை. அவளுடையது மாடியிலேயே நனைந்துகொண்டிருந்தது. போகட்டும், அது நனைந்தால் காயும். அப்போது முட்டிக்கு? மெத்தைப் போர்வையை நாலாக மடித்து அமுக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பன்னிரண்டரைதான் ஆகிறது, அதற்குள் வந்துவிட்டார்கள்.

பூபதியும் டிரைவரும் சீனியம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். எவ்வளவு சிறுத்துவிட்டாள். கட்டிலில் படுக்க வைத்து, காலை நேராக்கி, மடித்த போர்வையை முட்டிக்கு நடுவில் வைத்தார்கள். மெத்துன்னு இருக்கு என்று சீனியம்மா முனகினாள். மருந்து வாங்கி வருகிறேன் என்று பூபதி டிரைவரோடு கிளம்பிப் போய்விட்டான். வீடு அமைதியாகிவிட்டது. வேலுத்தாய் தலையணையை எடுத்துக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தாள். சீனியம்மா அந்தக் கோடு போட்ட துணியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“தலைக்கு வேண்டாம் வேலு.”

டாக்டர் சொல்லியிருக்கிறாரே மதினி, கழுத்து வலிக்குமே என்று இவள் ஏதோ சொன்னாள். தனக்கே தன் குரல் தூரத்தில் கேட்டது.

“நான் தலைக்கு வைக்கிறதில்ல. அவன் போனதிலிருந்து வைக்கிறதில்ல. வெறுந்தரையிலதான். பூபதி கேட்டா கழுத்துவலின்னு சொல்லிருவேன்.” சீனியம்மா சுவரிடமே பேசினாள். “எடுக்கச் சொன்னது நான்தானே. தலையை இப்படியும் அப்படியும் உருட்டுனானே, வாசல்ல இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். திருப்பி வையின்னு சொல்ல எனக்கு வாய் வரல வேலு.”

வேலுத்தாய் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக இந்தக் கிழவி வெறுந்தரையில் தலையைப் போட்டுக் கிடந்திருக்கிறாள். நான் மெத்தென்று தூங்கியிருக்கிறேன். இப்போதுகூட வாயை மூடிக்கொண்டிருக்கலாம், பழி தானாகவே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது, இவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பூபதி வந்துவிடுவான். சாதம் வடிக்க வேண்டும். மாடியில் தலையணை நனைகிறது.

“மதினி, ஆஸ்பத்திரியில நர்சு எங்கிட்டச் சொல்லியிருந்தா. மட்டமாப் படுக்க வைக்காதீங்க, மூச்சு முட்டும்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். உங்ககிட்ட நான் சொல்லல.”

மாடியில் மழை சடசடவென்று விழுந்து, கொஞ்ச நேரத்தில் குறைந்து, நின்றது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சீனியம்மா அழுகிறாளா என்று வேலுத்தாயால் பார்க்க முடியவில்லை, காதோரம் நரைமுடி மட்டும்தான் தெரிந்தது. கத்தட்டும், திட்டட்டும், எதையாவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மடியில் தலையணை இருந்தது. நடுவில் அந்தப் பள்ளம். அப்புறம் சீனியம்மாவின் கை பின்பக்கமாகத் துழாவி வந்தது. இவள் கைமேல் பட்டது, அதைத் தாண்டிப் போய்த் தலையணைத் துணியைத் தொட்டது, வெடுக்கென்று பின்வாங்கியது.

“சூடா இருக்கே,” என்றாள். குரல் உடைந்திருந்தது. “ஆறட்டும். ஆறுனதும் வையி.”

வேலுத்தாய் தலையணையைப் புரட்டி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை அடியில் விட்டுப் பார்த்தாள். இன்னும் ஆறவில்லை.